ஊன்றுகோலும் உரிமையும்

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்துத் தீப்பள்ளய நாளிலும், கல்முனைக் கடற்கரைப் பள்ளியின் கொடியேற்ற நாளிலும் எமது கரையோர வீதி சனத்திரளால் நிரம்பி வழியும். தமிழரும் முஸ்லிம்களும் தோளோடு தோள் உரச நடக்கும் அந்நாட்களில், வீதியோரத்தே வேறொரு கூட்டமும் அமர்ந்திருக்கக் காண்கிறோம். கண்ணிழந்தோர், காலிழந்தோர், தள்ளாத வயதினர் முதலானோர் கை நீட்டியிருப்பர். நாம் ஒரு நாணயத்தை இட்டுவிட்டு, புண்ணியம் செய்தோம் என்ற மன நிறைவுடன் அப்பாற் செல்கிறோம்.

அவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்பது பற்றி மலர்களிலும் மேடைகளிலும் நிறையப் பேசியாயிற்று. அவர்கள் தமக்காகத் தாமே என்ன செய்தார்கள் என்பது பற்றிப் பேசியது மிகக் குறைவு. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சமய வரலாறு காட்டும் வழி

முதலில் ஒரு தடையை நீக்கிக்கொள்ள வேண்டும். "எல்லாம் முன்வினை, நாம் என்ன செய்வது?" என்று கூறும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. கூனும் குருடும் இன்றிப் பிறத்தல் அரிது என்னும் கருத்தமைந்த ஔவையார் தனிப்பாடலையும் இதற்குத் துணைக்கு அழைப்பர். ஆயின், பெரிய புராணத்தைக் கற்றவர் இவ்வாறு கூறத் துணியார்.

திருவாரூரில் வாழ்ந்த தண்டியடிகள் நாயனார் பிறவியிலேயே கண்ணொளி இல்லாதவர். தூர்ந்துபோன திருக்குளத்தைத் தாமே தோண்ட முற்பட்டார். குளத்தினுள்ளும் கரையிலும் தறிகளை நட்டு, அவற்றிடையே கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண்ணை அள்ளிக் கொட்டினார். அவரை எள்ளியவர்கள் இறுதியில் அவருடைய மண்வெட்டியைப் பறித்து, தறியையும் கயிற்றையும் அகற்றினர். நாயனார் இறைவனிடம் முறையிட்டார். அரசன் கனவில் இறைவன் தோன்றினான். வழக்கு அரசன் முன்னிலையில் தீர்ந்தது.

நாயனாருக்குக் கண் கிடைத்த அற்புதத்தையே நாம் பெரிதும் போற்றுகிறோம். கயிற்றைப் பற்றி எண்ணுவதில்லை. கண் இல்லாதபோதே அவர் வேலை செய்தார். அவருக்கு வேண்டியிருந்தது ஒரு கயிறு மட்டுமே. அதைப் பறித்ததே அநீதியாயிற்று. இக்காலத்துச் சட்டங்கள் பல பக்கங்களிற் கூறும் கருத்து இதுவே என்க.

எமது அயலவராகிய முஸ்லிம் சகோதரரின் வரலாற்றிலும் இதற்கு இணையான செய்தி உண்டு. கண்ணொளி இழந்த அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் என்பார் நபிகள் நாயகத்திடம் விளக்கம் கேட்க வந்தபோது, ஊர்ப் பெரியவர்களுடன் பேசிக்கொண்டிருந்த நாயகம் முகம் சுளித்ததைக் குர்ஆனின் எண்பதாம் அத்தியாயம் எடுத்துக்காட்டுகிறது. அவரே பின்னர் மதீனாவில் தொழுகைக்கு அழைக்கும் முஅத்தினாக விளங்கினார். ஆகவே, வலது குறைந்தோரை ஒதுக்குதற்குச் சமயத்தின் பெயரைச் சொல்ல எத்திறத்தாருக்கும் இடமில்லை.

மட்டக்களப்புத் தென்பாகத்தின் பழைய முறை

1961இல் அம்பாறை தனி மாவட்டமாவதற்கு முன்னர் கல்முனைப் பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பாகமாகவே இருந்தது. இப்பகுதித் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் தாய்வழி வரும் குடி முறை வழங்கியது. கோயிலை வண்ணக்கர்மாரும், பள்ளிவாசலை மரைக்காயர்மாரும் குடிகளின் சார்பில் நின்று நடத்தினர். முதியோரின் சொல்லுக்கு ஊர் கட்டுப்பட்டது. பெண் பிள்ளைக்கு வீட்டைச் சீதனமாகக் கொடுத்து, மணமகன் பெண் வீட்டிற்கு வந்து வாழும் வழக்கத்தினால், பெற்றோர் தம் முதுமையை மகளின் நிழலிற் கழித்தனர். சட்டத்தில் எழுதப்படாத ஓய்வூதியம் அது எனலாம்.

இப்பழைய முறையை நாம் போற்றுகிறோம். எனினும் அதன் குறையையும் மறைத்தல் ஆகாது. சபையில் இருந்தவர் உடல் வலியும் நிலபுலமும் உள்ள முதியவரே. பிள்ளையில்லாத விதவைக்கும், பார்வையற்றவருக்கும், முடவருக்கும் அங்கே சொல் இல்லை. சோறு மட்டுமே உண்டு. அச்சோறும் ஆண்டுகள் செல்லச் செல்ல நிச்சயமற்றதாயிற்று. போர்க்காலம் குடும்பங்களைச் சிதைத்தது. வறுமை மகளை மத்திய கிழக்கு நாடுகளுக்கு அனுப்பியது. பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முதியவள் தலையில் விழுந்தது. பின்னர் கடலும் பொங்கியது.

பிற நாடுகளிற் பிறந்த குரல்

வலது குறைந்தோர் தாமே சங்கமாகக் கூடித் தம் உரிமையைக் கேட்ட முயற்சிகளுள் ஒன்று பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிற் பிரித்தானியாவில் தோன்றிய பார்வையற்றோர் கழகமாகும். பட்டறைகளிற் கூடை முடைந்தும் தூரிகை கட்டியும் அற்பக் கூலி பெற்ற தொழிலாளர்களே அதன் உறுப்பினர். 1920 ஏப்ரல் மாதத்தில் நியூபோர்ட், மான்செஸ்டர், லீட்ஸ் ஆகிய மூன்று நகரங்களிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட பார்வையற்றோர் இலண்டனை நோக்கிக் கால்நடையாகப் புறப்பட்டனர். "தருமம் அன்று, நீதியே வேண்டும்" என்பது அவர்கள் ஏந்திய பதாகையின் வாசகம். அவ்வாண்டிலேயே பார்வையற்றோர் சட்டம் நிறைவேறியது. பார்வையற்றோர் முதியோர் ஓய்வூதியம் பெறும் வயது எழுபதிலிருந்து ஐம்பதாகக் குறைந்தது.

முதியோரின் வரலாறும் இவ்வாறானதே. 1933இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் டவுன்செண்ட் என்னும் வயோதிப வைத்தியர் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினார். அறுபது வயது கடந்தோருக்கு மாதம் 200 டொலர் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம். நாடெங்கும் முதியோர் கழகங்கள் எழுந்தன. அவர் கேட்ட தொகை கிடைக்கவில்லை. கணக்கறிந்தோர் அதனை இயலாத திட்டம் என்றனர். ஆயினும் அந்த ஆரவாரத்தின் நடுவே, 1935இல் அந்நாட்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. கேட்டவை யாவும் கிடைக்கா. கேளாதது மட்டும் ஒருபோதும் கிடையாது.

இலங்கையில் நடந்தது

எமது நாட்டில் இம்முயற்சி ஒரு பாடசாலையிலிருந்து தொடங்கியது. 1912இல் மேரி சாப்மன் என்னும் ஆங்கில மாது செவிப்புலன், பார்வை இழந்த பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையை நிறுவினார். இரத்மலானையில் வளர்ந்த அப்பாடசாலையின் வழியிலேயே 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நஃபீல்ட் பாடசாலை தமிழ்ப் பிள்ளைகளுக்காக எழுந்தது. இவை கிறிஸ்தவ அன்பர்களின் தொண்டு. சுவாமி விபுலாநந்தர் இளமையிற் பயின்றது கல்முனை மிஷன் பாடசாலையிலேயே. அவ்வகைப் பாடசாலையின் உப்பைத் தின்றவன் என்ற முறையில் யானும் இதனை நன்றியுடன் எழுதுகிறேன்.

தருமத்தைப் பழிப்பது எனது கருத்தன்று. தருமம் கொடுத்த எழுத்தறிவே பின்னர் உரிமை கேட்கும் நாவாயிற்று. புள்ளியெழுத்தைத் தடவிக் கற்ற பிள்ளை வளர்ந்து மனு எழுதியது, கூட்டம் கூட்டியது, தலைவரைத் தெரிந்தது. பார்வையற்றோர் தாமே நடத்தும் உலக அமைப்பொன்று, ஜேக்கபஸ் டென்புரூக் என்னும் பார்வையற்ற சட்ட அறிஞரின் முயற்சியால், 1964இல் நியூயோர்க்கில் உருவாயிற்று. அதன் முதலாவது பொது மாநாடு 1969இல் எமது அந்நாளைய தலைநகராகிய கொழும்பிலேயே கூடியது. இலங்கைப் பார்வையற்றோரின் தலைவர்களுள் ஒருவரான றியென்சி அழகியவன்ன அவ்வமைப்பில் முன்னின்று உழைத்தார். உலகின் பல திக்குகளிலிருந்தும் பார்வையற்றோர் தாமே பிரதிநிதிகளாக எமது நாட்டிற்கு வந்து கூடியதை எமது வரலாற்று நூல்கள் பெரிதாகக் குறிப்பதில்லை.

1981ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை வலது குறைந்தோர் ஆண்டாகப் பிரகடனம் செய்தது. அவ்வாண்டிலேயே எல்லா வகை இயலாமையும் உடையோர் ஒருங்குகூடிய உலக அமைப்பொன்று சிங்கப்பூரில் உருவாயிற்று. இலங்கையில் 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க அரசாங்க நிர்வாகச் சுற்றறிக்கை, அரச சேவை வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை வலது குறைந்தோருக்கு ஒதுக்கும்படி பணித்தது. 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் அவர்களுடைய உரிமைகளைப் பாதுகாக்க எழுந்தது. தொழிலிலும் கல்விக்கூட அனுமதியிலும் இயலாமையைக் காரணங்காட்டிப் பாரபட்சம் காட்டுவதை அது தடுத்தது. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் முதியோர் உரிமைகளுக்கானது. அறுபது வயது நிறைந்தவரே முதியவர் என்றும், பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணித்தலாகாது என்றும் அது கூறுகிறது. கைவிடப்பட்ட பெற்றோர் முறையிடுதற்குப் பராமரிப்புச் சபையையும் அமைத்தது.

இனி, சட்டம் ஏட்டில் இருப்பதும் வீதிக்கு வருவதும் வெவ்வேறு என்பதற்கு ஒருவருடைய வரலாறே போதிய சான்றாகும். கலாநிதி அஜித் பெரேரா இரசாயன அறிஞர். கிரிக்கெட் நடுவராகவும் கடமையாற்றியவர். 1992இல் அவர் சென்ற மோட்டார் வண்டியின்மேல் வீதியோர மரம் ஒன்று முறிந்து விழுந்தது. அன்று முதல் அவருக்குச் சக்கர நாற்காலியே கால்களாயிற்று. பொதுக் கட்டடங்களுக்குள் யாவரும் செல்ல வழி அமைத்தல் வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006இல் வர்த்தமானியில் வெளியாயின. வெளியாயினவேயன்றிப் படிக்கட்டுகள் இருந்தபடியே இருந்தன. அவர் 2009இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுவைத் தாக்கல் செய்தார். 2011 ஏப்ரல் 27ஆம் நாள், அவ்விதிகளைப் பொதுக் கட்டடங்கள் கைக்கொள்ள வேண்டுமென நீதிமன்றம் கட்டளையிட்டது. 2020இல் அவர் மறையும்வரை அக்கட்டளையை நினைவூட்டிக்கொண்டே இருந்தார். நீதிமன்றக் கட்டளைக்கும் நினைவூட்டல் வேண்டியிருந்தது என்பதை இளைஞர் கவனித்தல் வேண்டும்.

2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால், வலது குறைந்த வாக்காளர் தமக்கு நம்பிக்கையான ஒருவரை வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்லும் உரிமை பெற்றனர். 2016இல் இலங்கை ஐக்கிய நாடுகள் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. 2024இல் பார்வையற்றவரான சுகத் வசந்த த சில்வா பாராளுமன்ற உறுப்பினரானார். 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஐந்து வயதிற்கு மேற்பட்டோருள் நூற்றுக்கு 8.7 பேர், அதாவது பதினாறு இலட்சத்திற்கு மேற்பட்டோர், ஏதேனும் ஓர் இயலாமை உடையோர். இத்தொகையினருக்கு இவ்வளவு காலத்தின் பின் கிடைத்த கதிரைகள் எத்தனை என்பதை வாசகரே கணக்கிட்டுக்கொள்க.

கடல் கற்பித்த பாடம்

2004 டிசம்பர் 26ஆம் நாளின் ஆழிப்பேரலையை எமது கரையில் யாரும் மறக்க முடியாது. நாட்டிலேயே மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பத்தாயிரத்திற்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் இம்மாவட்ட முகாம்களில் நடைபெற்ற ஓர் ஆய்வு யாரை அலை கொண்டுபோயிற்று என்று கணக்கிட்டது. இருபதுக்கும் இருபத்தொன்பதுக்கும் இடைப்பட்ட வயதினருள் நூற்றுக்கு 7.4 பேர் மாண்டனர். ஐம்பது வயது கடந்தோருள் 15.3 பேர் மாண்டனர். பெண்களும் சிறு பிள்ளைகளும் இவ்வாறே மிகுதியாக மாண்டனர். மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் சாய்ந்தமருதிலும் காரைதீவிலும் அலை ஆளைப் பார்த்து இனம் கேட்கவில்லை. ஓட முடிந்ததா என்பதை மட்டுமே கேட்டது.

ஓட முடியாதவர் எந்த வீட்டில் உள்ளார், அவரைத் தூக்கிச் செல்பவர் யார் என்று முன்கூட்டியே எழுதி வைத்த ஏடு ஒன்று ஒவ்வொரு ஊரிலும் இருந்திருந்தால், சில உயிர்களாவது தப்பியிருக்கும். அவ்வேட்டை எழுதத் தகுந்தவர், ஒவ்வொரு வீட்டுத் திண்ணையையும் அறிந்த முதியோரே.

சங்கம் என்ன செய்யும்?

முதியோர் சட்டத்தின் வழி, கிராம உத்தியோகத்தர் பிரிவுதோறும் முதியோர் சங்கம் அமைத்து, பிரதேசம், மாவட்டம், தேசியம் என மேலே செல்லும் ஒழுங்கு உண்டு. பல இடங்களில் அது சுற்றுலா செல்வதோடும் சர்வதேச முதியோர் தினமாகிய அக்டோபர் முதலாம் திகதியிற் பொன்னாடை போர்ப்பதோடும் நின்றுவிடுகிறது. அது தவறன்று, போதாது என்பதே எனது எண்ணம்.

உதாரணமாக, 1987இல் ஏற்பட்ட விவசாயிகள் ஓய்வூதியத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். நெல் விளையும் எமது மாவட்டத்திற்கு அது பெரும் பேறு. நிதி வற்றியபோது, 2012ஆம் ஆண்டளவில் கொடுப்பனவு தடைப்பட்டது; முதிய கமக்காரர் முறையிட்டு நின்றனர்; 2014இல் மீண்டும் தொடங்கியது. அஸ்வெசும திட்டத்தின் கீழ் முதியோர் கொடுப்பனவு 2023இல் 2,000 ரூபா. 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அதனை 5,000 ரூபாவாகவும், வலது குறைந்தோர் கொடுப்பனவை 10,000 ரூபாவாகவும் உயர்த்தியது. பொருளின் விலை ஏறிய வேகத்தை நோக்கின் இது பெரிதன்று. எனினும், பட்டியலில் தம் பெயர் விடுபட்டதை அறிந்து உரிய காலத்தில் மேன்முறையீடு செய்தவர் பெற்றார். வீட்டிலே இருந்து விதியை நொந்தவர் இழந்தார். தனி மனிதரின் கடிதம் மேசையில் உறங்கும். சங்கத்தின் கூட்டறிக்கையோடு செல்லும் கடிதத்திற்குப் பதில் எழுத வேண்டிய கட்டாயம் உண்டு. சங்கத்தின் வலிமை முழுவதும் இதிலே அடங்கும்.

இங்கு முதியோர் சிலர் வினவலாம்: "உரிமை, சட்டம் என்று பேசினால் பிள்ளைகளின் பாசம் என்னாவது? பெற்ற பிள்ளைமேல் வழக்கா?" இது நியாயமான அச்சமே. ஆயினும் பாசம் உள்ள வீட்டினுட் சட்டம் நுழைவதில்லை. பாசம் பட்டுப்போன வீட்டில், வேறு எதுவும் இல்லாத தாய்க்குச் சட்டமாவது இருக்கட்டும்.

எமது குற்றம்

பிறரைக் குறை கூறுவது எளிது. சென்ற வருடம் எமது மன்றத்தின் ஆண்டு விழாவில் நடந்ததைக் கூறாது விட்டால் இக்கட்டுரை போலியாகும். மன்றத்தைத் தொடக்க காலத்திற் கட்டிக் காத்த பெரியார் ஒருவர், பாரிசவாதத்தால் ஒரு பக்கம் வலுவிழந்தவர், விழாவிற்கு வந்தார். மண்டபத்திற்கு ஏழு படிகள். இரு இளைஞர் அவரைத் தூக்க முன்வந்தோம், அவர் மறுத்துவிட்டார். வாசலில் ஒரு கதிரை போட்டோம். ஒலிபெருக்கியில் எங்கள் பேச்சைக் கேட்டபடி இரண்டு மணி நேரம் அங்கேயே இருந்தார். அன்றைய பேச்சின் பொருள் "சேவையே சிவபூசை". விடைபெறும்போது என் கையைப் பற்றி, "தம்பி, கதிரை தந்தீங்க, வழியத் தரல்லயே" என்றார். அவ்வளவே. அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் யான் இதற்குள் மறந்திருப்பேன்.

எந்தப் பிரதேச செயலகம் எவருக்கு உரியது என்று இரு சமூகத்தாரும் நீதிமன்றம் வரை வழக்காடும் ஊர் எமது ஊர். அச்செயலகம் எவருக்கு உரியதாயினும், அதன் படியை ஏற முடியாதவர் இரு பக்கத்திலும் உளர். அவர்களுடைய வழக்கு ஒன்றே.

இரட்டைப் புலவர் வரலாற்றை நாம் அறிவோம். ஒருவர் பார்வையற்றவர், மற்றவர் முடவர். பார்வையற்றவர் தோளில் முடவர் ஏறி வழி சொல்ல, இருவரும் தமிழ்நாடெங்கும் சென்று பாடினர். இளையோரும் முதியோரும், தமிழரும் முஸ்லிம்களும் எமது கரையில் வாழ வேண்டிய முறை அதுவே. அவ்வரலாற்றில் மற்றொன்றும் கருதத்தக்கது: சுமந்தவர் வாய், சுமக்கப்பட்டவர் வாயை மூடவில்லை, இருவரும் பாடினர்.

ஆகவே, மன்ற அங்கத்தவர்களுக்கு மூன்று வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். அடுத்த ஆண்டு விழாவிற்கு முன் எமது மண்டப வாயிலிற் சரிவுப் பாதை ஒன்று அமைத்தல் வேண்டும். மன்றத்தின் நிருவாக சபையில் முதியவர் ஒருவருக்கும் வலது குறைந்தவர் ஒருவருக்கும் வாக்குரிமையுள்ள இடம் ஒதுக்கப்படல் வேண்டும். கௌரவப் பதவி வேண்டா. மூன்றாவதாக, ஊரிலுள்ள முதியோர் சங்கத்திற்கும் வலது குறைந்தோர் சங்கத்திற்கும் எழுத்தும் கணினியும் அறிந்த இருவர் உதவிக்குச் செல்லல் வேண்டும். அவர்கள் சொல்வதை எழுதிக் கொடுத்தலே எமது கடன். அவர்களுக்குப் பதிலாகப் பேசுதல் அன்று.

நாயனாருக்குக் குளம் தோண்டத் தெரியும். கயிற்றை மட்டும் நாம் அறுக்காதிருப்போமாக. அறுந்து கிடப்பின், எடுத்துக் கட்டுவோமாக.